நுண்துளை மின்கடத்திகளால் ஹைட்ரஜன்: வினையூக்கி வடிவமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரை மின்னாற்பகுக்கும் கலத்தில் ஹைட்ரஜன் வெளிவருவது எதிர்மின்வாயில். அந்த மின்வாயின் மேல் இருக்க வேண்டிய பொருளைப் பற்றியவை இக்கேள்விகள். பெரும்பாலும் ஆய்வகத்தில் முதல் மின்வாயைச் செய்து பார்ப்பவர்கள் கேட்பவை. நேர்மின்வாயில் நடக்கும் ஆக்சிஜன் வினை தனிக்கதை. அவசியமான இடத்தில் மட்டும் இங்கே வரும்.

மின்சாரம் கொடுத்தாலே தண்ணீர் பிரியுமே, வினையூக்கி எதற்கு?

பிரியும், ஆனால் மின்சாரம் வீணாகும். 25 டிகிரியில் தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். வினைக்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரமே தர வேண்டுமென்றால் 1.48 வோல்ட். நடைமுறைக் கலங்கள் பெரும்பாலும் 1.8 முதல் 2 வோல்ட் வரை கேட்கின்றன. வினையை வேண்டிய வேகத்தில் நடத்த மேற்கொண்டு செலுத்தும் இந்த அழுத்தத்தின் பெயர் மிகை மின்னழுத்தம். இதன் விலையை ஒரே எண்ணில் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒவ்வொரு வோல்ட்டும் 26.6 கிலோவாட் மணி. ஆகவே 1.8 வோல்ட்டில் ஓடும் கலம் கிலோவுக்கு ஏறத்தாழ 48 கிலோவாட் மணி எடுக்கும். வினையூக்கியால் 100 மில்லிவோல்ட் குறைந்தால் 2.7 கிலோவாட் மணி மிச்சம்.

பிளாட்டினம் இருக்கும்போது வேறு பொருள் தேடுவானேன்?

அமிலத்தில் பிளாட்டினத்தை மிஞ்சுவது கடினம். ஹைட்ரஜன் அணுவை அது இறுக்கமாகவும் பிடிக்காது, தளர்வாகவும் விடாது, சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியர் எடுக்கச் சுமார் 30 மில்லிவோல்ட் போதும். ஆனால் அது அரிய உலோகம். காரக் கரைசலில் அதன் வேகமும் குறைகிறது, ஏனென்றால் அங்கே ஹைட்ரஜன் அணு கிடைக்க முதலில் தண்ணீர் மூலக்கூறை உடைத்தாக வேண்டும்.

நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் போன்றவை மலிவு. ஒவ்வொரு வினைத்தளத்தின் திறனும் பிளாட்டினத்தைவிடக் குறைவு. அந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்டுவதே துளைகளின் வேலை. மாலிப்டினம் டைசல்ஃபைடு நல்ல உதாரணம்: அதன் தட்டையான பரப்பு ஏறக்குறைய செயலற்றது, ஓரங்களில் உள்ள அணுக்களே வினைபுரிகின்றன. 2007 இல் இது சோதனையால் உறுதியான பிறகு, ஓரங்களை எப்படிப் பெருக்குவது என்பதே அத்துறையின் முக்கியக் கேள்வியானது.

துளை, கடத்தல் இரண்டும் ஒரே பொருளில் அமைவது ஏன் இவ்வளவு சிரமம்?

வேலை செய்யும் மின்வாய்க்குள் ஒரே சமயத்தில் மூன்று போக்குவரத்து நடக்கிறது. எலக்ட்ரான் திண்மத்தின் வழியாக உள்ளே வர வேண்டும். தண்ணீரும் அயனிகளும் துளையின் வழியாக வர வேண்டும். உண்டான ஹைட்ரஜன் வெளியேற வேண்டும். துளையைக் கூட்டினால் எலக்ட்ரானுக்கான பாதை மெலிகிறது. பொருளை நெருக்கி அடுக்கினால் மற்ற இரண்டும் அடைபடுகின்றன. மூன்றில் எது மோசமோ அதுவே மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். வினையூக்கி வடிவமைப்பில் வீணாகும் உழைப்பில் பாதி, ஏற்கெனவே நன்றாக இருக்கும் பாதையையே மேலும் செப்பனிடுவதில்தான் போகிறது.

உலோக அயனிகளை ஈனிகள் எனும் கரிம மூலக்கூறுகளால் கோத்து உருவாக்கும் வழக்கமான உலோக-கரிமக் கட்டமைப்புகள், அதாவது எம்ஓஎஃப்கள், ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு தருபவை. 2025 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடாகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி மூவருக்கும் கிடைத்தது இவற்றை உருவாக்கியதற்காகவே. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மின்காப்பிகள். எலக்ட்ரான் போய்ச்சேராத பரப்பு எத்தனை ஆயிரம் சதுர மீட்டர் இருந்தாலும் இந்த வினைக்கு உதவாது.

கடத்துதிறன் எவ்வளவு இருந்தால் போதும்?

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வினையூக்கி அடுக்கு 10 மைக்ரோமீட்டர் தடிமன், கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.0001 சீமன்ஸ் என்று வையுங்கள். அடுக்கின் மின்தடை ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 10 ஓம். 10 மில்லிஆம்பியரில் 100 மில்லிவோல்ட் இழப்பு. 100 மில்லிஆம்பியரில் முழு ஒரு வோல்ட். அந்தப் பொருளை அப்படியே பயன்படுத்த வழியில்லை.

கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1 சீமன்ஸ் ஆனால், 100 மில்லிஆம்பியரிலும் இழப்பு 0.1 மில்லிவோல்ட்தான். அதை 100 சீமன்ஸ் ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. ஒரு மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் கடத்துதிறனே சென்டிமீட்டருக்குச் சுமார் 0.2 சீமன்ஸ். துளைக்குள் இடம் குறைவு, பாதை வளைவு என்பதால் அது இன்னும் சில மடங்கு சுருங்கும். திண்மத்தின் கடத்துதிறன் இதைத் தாண்டியதும் தடை கரைசலின் பக்கம் போய்விடுகிறது. எனவே இலக்கு சென்டிமீட்டருக்கு 0.1 முதல் 1 சீமன்ஸ் வரை. அதற்குமேல் செலவழிக்கும் உழைப்பைத் துளையின் வடிவத்தில் செலவிடுங்கள்.

பொடியை அழுத்தி வில்லையாக்கி அளக்கும் கடத்துதிறன் துகள்களுக்கு இடையிலான தொடுதடையையும் சேர்த்தே காட்டும். படிகத்தின் உண்மையான மதிப்பு அதைவிட அதிகம். ஆனால் மின்வாயில் பூசப்படுவதும் பொடிதானே. ஆகவே உங்கள் முடிவுக்கு வில்லையின் எண்ணே பயன்படும். நான்கு முனை முறையில் அளக்கவும். இரண்டு முனைகளால் அளந்தால் தொடுகம்பியின் தடையும் கூடிவிடும்.

எந்தெந்த வகைப் பொருட்கள் இருக்கின்றன?

மிகப் பழையது ரானே நிக்கல், 1920களிலிருந்து வருவது. நிக்கலையும் அலுமினியத்தையும் ஏறத்தாழச் சம எடையில் உருக்கிக் கலந்து, 20 முதல் 30 சதவீதச் சூடான காரக் கரைசலில் அலுமினியத்தைக் கரைத்தெடுத்தால் கடற்பஞ்சு போன்ற நிக்கல் மிஞ்சும். தொழிற்சாலைக் காரக் கலங்களில் இன்றும் இதன் வகைகள் ஓடுகின்றன. புதிய பொருள் எதைச் செய்தாலும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் நிக்கல் தகட்டோடு ஒப்பிட்டால் எதுவுமே நன்றாகத் தெரியும்.

அடுத்தது நிக்கல் நுரையின் மேல் வளர்த்த நிக்கல்-மாலிப்டினம், நிக்கல் பாஸ்பைடு, கோபால்ட் பாஸ்பைடு போன்றவை. மூன்றாவது, எம்ஓஎஃப்பைச் சுட்டுப் பெறும் நைட்ரஜன் கலந்த துளைக் கார்பன். நான்காவது, சுடாமலே தானாகக் கடத்தும் எம்ஓஎஃப்.

சுடாமலே ஒரு எம்ஓஎஃப் எப்படி மின்சாரம் கடத்துகிறது?

சாதாரண எம்ஓஎஃப்பில் உலோகத்துக்கும் கார்பாக்சிலேட் ஈனிக்கும் இடையே எலக்ட்ரான் சிறைப்பட்டுக் கிடக்கும். ஈனியை மாற்றி, ட்ரைஃபீனிலீன் போன்ற தட்டையான வளையத்தின் ஓரங்களில் அமினோ, ஹைட்ராக்சி அல்லது தயோல் தொகுதிகளை வைத்தால், நிக்கல் அல்லது தாமிர அயனி அவற்றோடு சமதளச் சதுரமாகப் பிணைந்து தேன்கூடு போன்ற தாள் உருவாகும். எலக்ட்ரான் அந்தத் தாள் முழுக்கப் பரவும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக 0.33 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்படும்போது, தேன்கூட்டு அறைகள் நேர்கோட்டில் அமைந்து சுமார் 1.5 நானோமீட்டர் அகலக் குழாய்களாகின்றன.

2014 இல் மிர்ச்சா டின்காவின் குழு வெளியிட்ட நிக்கல்-ஹெக்ஸாஇமினோட்ரைஃபீனிலீன் இந்த வகையின் அடையாளச் சின்னம்: வில்லையாக சென்டிமீட்டருக்கு 2 சீமன்ஸ், படலமாக 40 சீமன்ஸ். அதே ஆண்டில் வேறொரு வழியும் வந்தது. காப்பியான ஒரு தாமிர எம்ஓஎஃப்பின் துளைக்குள் டிசிஎன்க்யூ என்ற மூலக்கூறை நுழைத்து அதைக் கடத்தியாக்கினார்கள். ஆனால் விருந்தாளி மூலக்கூறு துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால், வினையூக்கத்துக்கு முதல் வழியே நல்லது.

நன்றாகக் கடத்துவது வேறு, நன்றாக வினையூக்குவது வேறு. நிக்கலைச் சுற்றி நான்கு நைட்ரஜன் நிறைந்திருக்கும்போது ஹைட்ரஜன் வந்து ஒட்டுவது கடினம். கந்தகம் சூழ்ந்த கோபால்ட் தளங்கள் இந்த வினைக்கு ஏற்றவை. ஆனால் 2015 இல் வெளியான கோபால்ட்-டைதயோலீன் தாளும் பி.எச். 1.3 இல் 10 மில்லிஆம்பியருக்குச் சுமார் 0.34 வோல்ட் கேட்டது. பிளாட்டினத்தின் 30 மில்லிவோல்ட்டோடு வைத்துப் பாருங்கள். இந்தப் பொருட்களின் மதிப்பு, தளத்தை அணு அணுவாக மாற்றி விளைவைப் படிக்கலாம் என்பதில் இருக்கிறது.

நிக்கல்-ஹெக்ஸாஇமினோட்ரைஃபீனிலீனை எப்படித் தயாரிப்பது?

ஈனியின், அதாவது ஹெக்ஸாஅமினோட்ரைஃபீனிலீனின், ஹைட்ரோகுளோரைடு உப்பு 10 மி.கி. எடுத்து 5 மி.லி. தண்ணீரில் கரைக்கவும். நிக்கல் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 6.6 மி.கி. எடுத்து இன்னொரு 5 மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் அடர் அம்மோனியாக் கரைசல் 0.3 மி.லி. சேர்க்கவும். இரண்டையும் 65 டிகிரியில் கலந்து, காற்றைக் குமிழவிட்டபடி 2 மணி நேரம் கலக்கவும். காற்றை நிறுத்தி இன்னும் 2 மணி நேரம் சூட்டில் வைக்கவும். கறுப்புப் பொடி படியும். மையவிலக்கியில் பிரித்து, சுடுநீர், எத்தனால், அசிட்டோன் என்று கழுவி வெற்றிடத்தில் உலர்த்தவும்.

இங்கே ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எடைகள் நிக்கல் மூன்று, ஈனி இரண்டு என்ற மோல் விகிதத்தைத் தருகின்றன. அம்மோனியா ஈனியின் புரோட்டானை நீக்குகிறது. கூடவே நிக்கலோடு தானும் பிணைந்து வினையை மெதுவாக்குகிறது. அது குறைந்தால் பொடி அவசரமாகப் படிந்து படிக ஒழுங்கு கெடும். எக்ஸ் கதிர் வரைபடத்தில் கூர்மையான முகடுகளுக்குப் பதில் தட்டையான மேடு தெரியும். காற்று அவசியம், ஏனென்றால் ஈனி பகுதியளவு ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் கட்டமைப்பு உருவாகும். ஆனால் நிக்கல் சேரும் முன்பே காரத்தில் ஈனி காற்றுப் பட்டால் அது தானே சிதைந்து பழுப்பாகிவிடும். அம்மோனியாவை நிக்கல் கரைசலில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

எடையையும் சரிபாருங்கள். 10 மி.கி. ஈனி உப்பிலிருந்து அதிகபட்சம் 7.4 மி.கி. பொருள்தான் வர முடியும். தராசு 10 மி.கி. காட்டினால் மிச்சமெல்லாம் அம்மோனியம் குளோரைடும் தண்ணீரும், மறுபடி கழுவுங்கள்.

ஈனி கிடைக்கவில்லை. சுடும் முறையில் தொடங்கலாமா?

தொடங்கலாம், தொடக்கக்காரர்களுக்கு அதுவே நல்லது. துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் சேர்ந்த எம்ஓஎஃப்பான ஜிஃப்-8 அறை வெப்பத்திலேயே உருவாகும். துத்தநாக நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 2.68 கிராம், கோபால்ட் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.29 கிராம் இரண்டையும் 140 மி.லி. மெத்தனாலிலும், 2-மெத்தில் இமிடசோல் 6.57 கிராமை இன்னொரு 140 மி.லி. மெத்தனாலிலும் கரைத்து, கலந்து ஒரு மணி நேரம் கலக்கினால் ஊதா நிறப் பொடி வரும். மெத்தனாலில் மூன்று முறை கழுவி, உலர்த்தி, ஆர்கான் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி 920 டிகிரியில் 2 மணி நேரம் வைக்கவும்.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெளியேறும். போன இடமெல்லாம் துளை. அத்தோடு கோபால்ட் அணுக்களை ஒன்றோடொன்று சேராமல் அதுவரை தள்ளி வைத்திருந்ததும் துத்தநாகமே. துத்தநாகம் இல்லாமல் கோபால்ட்டை மட்டும் வைத்துச் சுட்டால் பெரிய உலோகக் கட்டிகளாகத் திரளும். வெளியேறிய துத்தநாகம் உலைக்குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நிறத்தில் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் அடுத்த மாதிரியில் கலக்கும். இறுதியில் 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 80 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்து, வெளியே துருத்தும் கோபால்ட்டைக் கரைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அமிலச் சோதனையின் நடுவில் அது தானே கரையும், நிலைத்தன்மை மோசம் என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

நைட்ரஜன் ஏற்புச் சோதனையில் பரப்பு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வருகிறது. ஏன்?

துளையில் கரைப்பான் இன்னும் இருக்கலாம், அல்லது உலரும்போது கரைப்பானின் பரப்பு இழுவிசையால் துளைகள் நொறுங்கியிருக்கலாம். முதலாவதற்கு 120 டிகிரி வெற்றிடத்தில் 12 மணி நேரம். இரண்டாவதற்குத் தண்ணீரை எத்தனாலால் மாற்றி, பிறகு மீமாறுநிலை கார்பன் டையாக்சைடில் உலர்த்துவது. ஆனால் உலர்ந்த பொடியின் பரப்பு, நனைந்த மின்வாயின் பரப்பு ஆகாது. நைட்ரஜன் புகும் எல்லாத் துளைகளிலும் நீரேறிய அயனிகள் புகுவதில்லை.

மின்வாயில் எப்படிப் பூசுவது?

5 மி.கி. வினையூக்கி, தண்ணீர் 480 மைக்ரோலிட்டர், ஐசோபுரோப்பனால் 500 மைக்ரோலிட்டர், பொடியை ஒட்டவைக்கும் பாலிமரான நேஃபியானின் 5 சதவீதக் கரைசல் 20 மைக்ரோலிட்டர். பனிக்கட்டி நீரில் வைத்து 30 நிமிடம் மீயொலியில் கலக்கவும். பனிக்கட்டி இல்லாவிட்டால் குளியல் சூடாகி ஆல்கஹால் ஆவியாகும், செறிவு மாறும். 3 மி.மீ. கண்ணாடிக் கார்பன் மின்வாயை 1, 0.3, 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாவால் வரிசையாக மெருகிட்டு, 5 மைக்ரோலிட்டர் சொட்டுங்கள். இது சதுர செ.மீ.க்கு 0.35 மி.கி. சொட்டு விளிம்பில் வளையமாகக் காய்ந்தால் ஆல்கஹாலைக் குறைத்து, மூடி போட்டு மெதுவாக உலரவிடுங்கள். நேஃபியான் அதிகமானால் பிடிமானம் கூடும், துளை அடைபடும்.

அதிக மின்னோட்டத்துக்கு நிக்கல் நுரை. 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 நிமிடம் மீயொலியில் ஆக்சைடை நீக்கி, தண்ணீர், எத்தனாலில் கழுவுங்கள். நுரையே ஹைட்ரஜன் தரும் என்பதால் வெறும் நுரையையும் அதே நிலையில் அளந்து காட்ட வேண்டும். அமிலத்தில் நுரை கரையும். அங்கே கார்பன் தாள்.

அளவீட்டில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மின்சுற்றை முடிக்கும் இணை மின்வாயாக, அதாவது இங்கே நேர்மின்வாயாக, பிளாட்டினம் கூடவே கூடாது. அது மெல்லக் கரைந்து உங்கள் வினையூக்கியின் மேல் படியும், நாள் ஆக ஆகச் செயல்திறன் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் அளப்பது பிளாட்டினத்தை. கிராஃபைட் தண்டு வைத்து, நடுவே சவ்வும் போடுங்கள்.

ஒப்பீட்டு மின்வாயாகக் காரத்தில் பாதரசம்-பாதரச ஆக்சைடு. உள்ளேயும் கலத்தில் உள்ள அதே காரத்தை நிரப்பினால், மீள் ஹைட்ரஜன் மின்வாய் அளவுகோலுக்கு மாற்றச் சுமார் 0.93 வோல்ட் கூட்டினால் போதும். வெள்ளி-வெள்ளி குளோரைடு காரத்தில் சீக்கிரம் நகர்ந்துவிடும். எதுவானாலும், ஹைட்ரஜன் நிறைந்த அதே கரைசலில் சுத்தமான பிளாட்டினக் கம்பியோடு ஒருமுறை சரிபார்த்து, கம்பியை வெளியே எடுத்துவிடுங்கள்.

காரக் கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் வைக்காதீர்கள், சிலிக்கேட் கரையும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு மாசு இயல்பாகவே இருக்கும். அது எதிர்மின்வாயில் படிந்து முடிவை மாற்றும். நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவோடு கலக்கி இரும்பை உறிஞ்சவிட்டு, தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கரைசலின் தடை 2 ஓம் என்றால் 100 மில்லிஆம்பியரில் 200 மில்லிவோல்ட் அதற்கே போகும். எனவே இந்த இழப்பைக் கழிக்கும் தடை ஈடு தேவை. 85 முதல் 90 சதவீதம் வரை ஈடு செய்யுங்கள். முழுதாகச் செய்தால் கருவி அலைபாயும். ஈடு செய்யாத வளைகோட்டையும் கூடவே காட்டுவது நேர்மை. வளைகோடு பின்னோக்கி மடிந்தால், அதாவது மின்னோட்டம் ஏறும்போது மின்னழுத்தம் இறங்கினால், ஈடு மிகையாகிவிட்டது என்று பொருள்.

டாஃபெல் சரிவு 30 அல்லது 40 வந்தால் வினைவழி தெரிந்துவிட்டது என்று சொல்லலாமா?

மின்னோட்டம் பத்து மடங்காக எத்தனை மில்லிவோல்ட் கூட வேண்டும் என்பதே டாஃபெல் சரிவு. தட்டையான மின்வாயில் சொல்லலாம்: பத்து மடங்குக்கு 120 மில்லிவோல்ட் என்றால் ஹைட்ரஜன் அணு பரப்பில் ஒட்டும் வோல்மர் படி மெதுவானது, 40 என்றால் ஒட்டிய அணு கரைசலிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளும் ஹெய்ரோவ்ஸ்கி படி, 30 என்றால் ஒட்டிய இரண்டு அணுக்கள் சேரும் டாஃபெல் படி. துளை மின்வாயில் கவனம் தேவை. துளைக்குள் போக்குவரத்து தடைபட்டால் சரிவு இரட்டிப்பாகும். 40 என்ற வினைவழி 80 ஆகத் தெரியும், மின்னழுத்தத்தை வேகமாக மாற்றி அளந்தால் மின்தேக்க மின்னோட்டமும் கலக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சில நிமிடம் நிலையாக வைத்து அளந்தவற்றைக் கொண்டு வரையுங்கள்; சரிவு மாறும் இடம் எது என்பதே துளையைப் பற்றி நிறையச் சொல்லும்.

வெளிவருவது ஹைட்ரஜன்தானா என்று எப்படி உறுதி செய்வது?

மின்னோட்டத்தில் ஒரு பகுதி ஈனியையோ உலோக அயனியையோ ஒடுக்குவதில் போகலாம். 100 மில்லிஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், 25 டிகிரியில் 45.6 மி.லி. ஹைட்ரஜன் வர வேண்டும். நீர் இடப்பெயர்ச்சி முறையில் நீராவியின் பங்கைக் கழித்து ஒப்பிடுங்கள். வாயு குறைந்தால் முதலில் கசிவையும், பிறகு வினையூக்கியையும் சந்தேகியுங்கள்.

நீண்ட நேரம் ஓடிய பிறகும் அதே பொருள்தான் இருக்கிறதா?

பல சமயம் இல்லை. நிறைய எம்ஓஎஃப்கள் ஒரு மோலார் காரத்தில் மணிக்கணக்கில் உலோக ஹைட்ராக்சைடாக மாறிவிடுகின்றன. எதிர் மின்னழுத்தத்தில் உலோகத் துகளாகவும் ஒடுங்கலாம். மின்னோட்டம் நிலையாக இருப்பதால் மட்டும் பொருளும் நிலையாக இருக்கிறது என்றாகாது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, ராமன், கரைசலில் உள்ள உலோக அளவு மூன்றையும் பாருங்கள். மின்சாரமே செலுத்தாமல் அதே கரைசலில் அதே நேரம் ஊறவைத்த ஒரு மாதிரியும் வேண்டும். சிதைவு கரைசலாலா, மின்னழுத்தத்தாலா என்பது அப்போதுதான் பிரியும்.

பாதுகாப்பில் எவை முக்கியம்?

பாஸ்பைடு செய்யச் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டை 300 டிகிரியில் சூடாக்கும்போது பாஸ்பீன் வருகிறது, நச்சு வாயு. வெளியேறும் வாயுவைத் தாமிர சல்பேட் கரைசல் வழியாகவே விடவும், புகைப்பேழைக்கு வெளியே இதைச் செய்யவே வேண்டாம். ரானே நிக்கல் உலர்ந்தால் காற்றில் தானே தீப்பிடிக்கும், எப்போதும் நீருக்கடியில். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எரியும், ஆகவே கலத்தின் வாயுவெளியேற்றக் குழாயைப் புகைப்பேழைக்குள் கொண்டுபோங்கள்.

10 மில்லிஆம்பியரில் அருமையாக இருந்த மின்வாய் 500 இல் படுத்துவிட்டது. எங்கே பிழை?

பெரும்பாலும் குமிழியில். 2 நானோமீட்டர் துளைக்குள் குமிழி உருவாக ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் வேண்டும், ஆகவே அங்கே குமிழி பிறப்பதில்லை. ஹைட்ரஜன் கரைந்த நிலையில் ஊர்ந்து வெளியே வந்து, வெளிப்பரப்பில்தான் குமிழியாகிறது. அந்தக் குமிழி ஒட்டிக்கொண்டால் அதன் கீழே உள்ள துளைகள் எல்லாம் வேலையிழக்கும். மின்னோட்டம் ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் குமிழி ஒட்டுகிறது என்று அர்த்தம்.

துளைகளை மூன்று அளவில் அமைப்பதே தீர்வு: வினைத்தளத்துக்கு 2 நானோமீட்டருக்குக் கீழ், அயனிப் போக்குவரத்துக்கு 2 முதல் 50 வரை, வாயு வெளியேற மைக்ரோமீட்டர் அளவிலான வழி. நிக்கல் நுரை மூன்றாவதைத் தானாகவே தருகிறது. அதன் மேல் ஊசிகளாகவோ நிமிர்ந்த தாள்களாகவோ வினையூக்கியை வளர்த்தால் குமிழி தொடும் பரப்பு குறைந்து, சிறிதாக இருக்கும்போதே கழன்றுவிடும். அடுக்கை மெல்லியதாக்கியும் பாருங்கள். அதிக மின்னோட்டத்தில் கரைசலை ஒட்டிய வெளிப்பகுதியே உழைக்கிறது; பூச்சைப் பாதியாகக் குறைத்தும் மின்னோட்டம் மாறாவிட்டால், மீதிப் பாதி அதுவரை சும்மா இருந்தது என்பது தெரிந்துவிடும்.